அழித்து நிறுவுவது பரிகாரமா?

லினக்ஸ் இயங்குதளத்தை நாள்தோறும் உபயோகிக்கிறவர்கள், சில மாதம் உபயோகித்துப் பார்த்துக் கைவிட்டவர்கள், ஒருநாளும் அதைத் தொட்டே பாராதவர்கள் ஆகிய மூன்று திறத்தாரும் வேறு எந்த விஷயத்திலும் ஒத்துப்போக மாட்டார்களாயினும், ஒரே ஒரு விஷயத்தில் மாத்திரம் ஏகோபித்த அபிப்பிராயம் உடையவர்களாக இருக்கிறார்கள். கிராபிக்ஸ் கார்டு என்று வந்துவிட்டால் லினக்ஸ் சரிப்படாது என்பதும், ஒருநாள் காலையில் மேஜைக் கம்ப்யூட்டரின் திரை கறுத்துப்போய் மூலையில் ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றால் அதற்குக் காரணம் தேடுவது வீண் என்பதும், எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவுவதே பரிகாரம் என்பதும் அந்த அபிப்பிராயத்தின் மூன்று அங்கங்கள். இவற்றுள் முதலாவதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது முழுப் பிழை. மூன்றாவதோ பிழை என்பதோடு நில்லாமல் தீங்கும் ஆகும் என்பது என் கட்சி.

நான் கண்ணால் கண்ட ஒரு விருத்தாந்தத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருக்கோடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், பேரன் விட்டுப்போன மேஜைக் கம்ப்யூட்டரில் டெபியன் லினக்ஸைப் போட்டுக்கொண்டு, அதில் ஜியோஜீப்ரா என்னும் மென்பொருளின் துணையால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வடிவகணிதம் சொல்லிக்கொடுத்து வந்தார். அந்தப் பெட்டியில் என்விடியா கார்டு ஒன்று இருந்தது. ஆறு மாதத்துக்குள் இருமுறை திரை கறுத்தது. இருமுறையும் அதைக் கடைக்குத் தூக்கிச் சென்றார். இருமுறையும் அங்கிருந்த இளைஞர், ‘லினக்ஸ்னாலே இப்படித்தான் சார், ஃபார்மட் போட்டுத் தந்துடறேன்’ என்று சொல்லி, 600 ரூபாய் பெற்றுக்கொண்டு, யாவற்றையும் அழித்து நிறுவிக் கொடுத்தார். இருமுறையும் பெட்டி குணமாகிவிட்டபடியால் ஆசிரியருக்கு அந்த வைத்தியத்தில் நம்பிக்கையும் பிறந்துவிட்டது. மூன்றாம் முறை திரை கறுத்த அன்று கடை மூடியிருந்தது என்கிற ஒரே காரணத்தால் என்னிடம் வந்தார்.

பெட்டி ஏன் குணமாயிற்று என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. என் வாதத்தின் உயிர்நிலை அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. லினக்ஸின் உட்கருவுக்குக் கர்னல் என்று பெயர். என்விடியா நிறுவனம் தரும் டிரைவர் அந்தக் கர்னலுக்குப் புறத்தே நிற்பது. அதன் ஒரு பகுதியாகிய மாட்யூலை, கர்னல் மாறுந்தோறும் அந்தப் புதிய கர்னலுக்குப் பொருந்தும்படி, அவரவர் பெட்டியிலேயே திரும்பக் கட்டியாக வேண்டும். இந்தக் காரியத்தை டிகேஎம்எஸ் என்னும் சிறு கருவி யாரும் ஏவாமலே செய்துவிடுகிறதாயினும், கர்னலுக்குரிய ஹெடர் கோப்புகள் கையில் இல்லாவிட்டால் அதனால் ஒன்றும் செய்ய இயலாது. கடை இளைஞர், எங்கோ கண்ட குறிப்பின்படி, அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த கர்னலின் பதிப்பெண்ணைப் பார்த்து அந்த ஒரு பதிப்புக்கு மட்டும் உரிய ஹெடர்களை நிறுவியிருந்தார். எந்தக் கர்னல் வந்தாலும் கூடவே அதற்குரிய ஹெடர்களையும் அழைத்துவரும் பொதுப் பேக்கேஜ் ஒன்று டெபியனில் இருப்பதை அவர் அறியார். சில வாரம் கழித்துப் பாதுகாப்புத் திருத்தத்தோடு புதிய கர்னல் வந்தது, ஹெடர் வரவில்லை, மாட்யூல் கட்டப்படவில்லை. நூவோ என்னும் கட்டற்ற டிரைவராவது கைகொடுத்திருக்குமே என்றால், இரண்டு டிரைவர்கள் ஒரே கார்டைப் பிடித்து இழுக்கலாகாது என்பதற்காக அதை என்விடியா பேக்கேஜ் முன்னமே தடுத்து வைத்திருந்தது. ஏற்று நடத்த ஆளில்லாமல் கார்டு சும்மா இருந்தது, திரை கறுத்தது.

அழித்து நிறுவியபோது நிகழ்ந்தது இவ்வளவே: அன்றைய கர்னலும் அன்றைய ஹெடரும் இன்னொரு முறை தற்செயலாகப் பொருந்தின. அடுத்த கர்னல் வரும் வரைக்கும் அந்தச் சிகிச்சைக்கு ஆயுள். முறைக்காய்ச்சல்காரனுக்குக் காய்ச்சல் தானாகவே விடுகிற நாள் பார்த்துத் தாயத்துக் கட்டிவிட்டுத் தட்சிணை வாங்கிப்போகிற மந்திரவாதியின் கீர்த்திக்கும், இந்த வைத்தியத்தின் கீர்த்திக்கும் எனக்கு வேற்றுமை தெரியவில்லை. பழைய கர்னலோ எங்கும் போய்விடவில்லை. பெட்டி எழும்போது தோன்றும் தொடக்கப் பட்டியலில் அது ஒரு வரியாக நின்றுகொண்டுதான் இருந்தது. அதைத் தேர்ந்து என்டர் விசையைத் தட்டியதும் ஆசிரியருடைய திரை ஒளிபெற்றது. பின்பு அந்தப் பொதுப் பேக்கேஜை நிறுவினேன். டிகேஎம்எஸ் தன் பாட்டுக்குப் புதிய கர்னலுக்கும் மாட்யூலைக் கட்டிமுடித்தது. ஒரு வரிக் கட்டளைக்கு மேல் அதில் வித்தை ஒன்றும் இல்லை.

இனி இரண்டாவது அங்கம். காரணம் தேடுவது வீண் என்கிறவர்களிடம், எங்கே தேடினீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். பெரும்பாலோர் தேடியிருக்கவே மாட்டார்கள். கறுத்த திரைக்குப் பின்னால் பெட்டி செத்துக் கிடப்பதில்லை. கன்ட்ரோல், ஆல்ட் என்னும் இரண்டு விசைகளோடு எஃப்3 என்பதையும் சேர்த்து அழுத்தினால், எழுத்து மாத்திரம் தெரியும் ஒரு புறவாசல் அநேகமாகத் திறந்துகொள்ளும். அங்கே எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையைக் ‘கே’ என்னும் குறிப்போடு கொடுத்தால், கார்டின் பெயர் ஒரு வரியிலும், இந்தக் கணத்தில் அதை நடத்தும் டிரைவரின் பெயர் வேறொரு வரியிலும் வரும். நடத்துவார் இல்லையாயின் அந்த இரண்டாவது வரி வராது. ஆசிரியர் வீட்டுப் பெட்டியில் வராத அந்த வரிதான் முதலில் எனக்குத் துப்புக் கொடுத்தது. கர்னலோ தான் கண் விழித்த கணத்திலிருந்து ஒவ்வொரு செயலையும் விநாடிக்கணக்கோடு எழுதிக்கொண்டே வருகிறது. டிமெஸ்ஜி என்று கேட்டால் அந்த வாக்குமூலம் முழுவதையும் ஒப்பித்துவிடும். திரையை ஆளும் எக்ஸ்ஆர்க் என்னும் அமைப்பு, தனக்கென்று தனிப் பதிவேடு வைத்துக்கொண்டு, தோற்றுப்போன முயற்சிகளுக்கு எதிரே ஆங்கில ‘ஈ’ எழுத்தை இரட்டையாக இட்டு அடையாளம் செய்கிறது. இத்தனை பிரத்தியட்ச சாட்சிகள் கூப்பிடு தூரத்தில் இருக்கையில், ஒன்றையும் விசாரியாமல் ஊரையே கொளுத்திவிடச் சொல்லும் நீதி எந்த ராஜ்யத்து நீதி?

காரணங்களும் எண்ணிறந்தவை அல்ல. மாட்யூல் ஒழுங்காகவே கட்டப்பட்டிருந்தும் கர்னல் அதை உள்ளே விடாதிருக்கலாம். செக்யூர் பூட் என்னும் காவல் ஏற்பாடு நடப்பிலிருக்கும் பெட்டிகளில், பெட்டி நம்புகிற சாவியால் கையொப்பமிடாத மாட்யூலுக்கு அனுமதி இல்லை. அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: உபுண்டு போன்ற வெளியீடுகள் டிரைவரை நிறுவும்போதே ஒரு கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு, பெட்டி மறுபடி எழும்போது நீலத் திரை ஒன்றைக் காட்டி, அதே கடவுச்சொல்லைத் திரும்பக் கேட்டு, சாவியைப் பதிவு செய்துகொள்ளும். அந்த நீலத் திரை 10 விநாடிதான் பொறுத்திருக்கும்; காப்பி எடுத்துவர உள்ளே போனவன் திரும்பி வருவதற்குள் அது போய்விடும்; போய்விட்டபின் கார்டு வேலை செய்யவில்லையே என்று லினக்ஸைத் திட்டுவான். அடுத்தது, டிரைவரைப் புதுப்பித்துவிட்டுப் பெட்டியை ரீபூட் செய்யாதவர்களின் நோய். கர்னலுக்குள் பழைய மாட்யூலும் வெளியே புதிய நூலகமும் இருந்துகொண்டு, ஒன்றின் பதிப்பெண் மற்றொன்றுக்குப் பொருந்தவில்லை என்று வாய்விட்டே முறையிடும். அணைத்து ஏற்றினால் தீரும் இந்த நோய்க்கு டிஸ்க்கையே துடைத்துவிட்டு வந்தவர்களை நான் அறிவேன்.

நோமோட்செட் என்னும் ஒரு சொல்லைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். திரையின் அளவை நிர்ணயிக்கும் வேலையில் நீ தலையிடாதே என்று கர்னலுக்கு இடும் கட்டளை அது. நிறுவும் நேரத்தில் திரை எழவே மறுத்தால், உள்ளே நுழைவதற்கு ஒருமுறை பிடித்துக்கொள்ள வேண்டிய கோல். கால் குணமான பின்பும் கோலைக் கீழே வைக்காதவர்கள் ஏராளம். அந்தச் சொல் நிரந்தரமாக இருந்துவிட்டால் கட்டற்ற டிரைவர்கள் கார்டைத் தொடா. சித்திரம் தீட்டும் பாரம் முழுவதும் பிராசஸரின் தலையில் விழும். மேசா நூலகத்திலுள்ள எல்எல்விஎம்பைப் என்னும் பகுதி, கார்டு செய்ய வேண்டியதையெல்லாம் கணக்குப் போட்டே வரைந்துகொண்டிருக்கும். விசிறி இரைவதையும், ஜன்னலை நகர்த்தினால் அது தயங்கித் தயங்கி நகர்வதையும் கண்டு, ‘பார்த்தீர்களா, லினக்ஸ் மந்தம்’ என்பார்கள்.

என் புத்திக்குறைவையும் மறைக்க மாட்டேன். புதிய கார்டு ஒன்றை வாங்கிப் பொருத்திவிட்டு, பதிவேடுகளையெல்லாம் படித்தும் பிழை புலப்படாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் முழுவதும் தவித்தேன். மானிட்டர் கேபிளைப் பழைய வழக்கப்படி மதர்போர்டிலேயே செருகியிருந்தேன் என்பது, தரையைத் துடைக்கப் பெட்டியை இழுத்தபோது தெரிந்தது. பதிவேட்டில் பிழை இல்லை என்றால், பிழை அங்கே இல்லை என்றுதான் அர்த்தம். அதை நம்பியிருந்தால் பகல் பொழுது மிஞ்சியிருக்கும்.

முதல் அங்கத்தில் பாதி உண்மை உண்டு என்றேன். அந்தப் பாதி யாரால் வந்தது என்பதை விசாரிக்க வேண்டும். கட்டற்ற மென்பொருள் இயக்கம் என்பதே ஒரு டிரைவர் வழக்கிலிருந்து முளைத்தது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். 1980ஐ ஒட்டிய காலத்தில், அமெரிக்காவில் எம்ஐடியின் செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஜெராக்ஸ் நிறுவனம் அளித்திருந்த லேசர் பிரின்டரில் காகிதம் சிக்கிச் சிக்கி நின்றது. முன்பிருந்த பிரின்டரில், காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி அனுப்பும்படி அவரே நிரலைத் திருத்தியிருந்தார். இதிலும் அவ்வாறே செய்யலாம் என்று மூல நிரலைத் தேடிப் போனால், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்தவர், எவருக்கும் கொடுப்பதில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டேன் என்று கைவிரித்துவிட்டார். அந்த மறுப்பை அவர் மறக்கவில்லை. 1983இல் க்னூ திட்டத்தை அறிவித்தார். பொருளை விற்றவனே அதை நடத்தும் முறையை ரகசியமாக வைத்துக்கொண்டால், வாங்கினவன் கையில் பொருள் இருந்தும் இல்லாததே என்ற சங்கடம் அன்றைக்குப் பிரின்டரில் இருந்தது. பிற்பாடு கிராபிக்ஸ் கார்டில் வந்து குடியேறியது.

ரகசியம்தான் காரணம் என்பதற்கு இரண்டு நிறுவனங்களின் சரித்திரத்தை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் போதும். ஏடிஐ நிறுவனத்தை 2006இல் வாங்கிய ஏஎம்டி, 2007இல் தன் கார்டுகளின் விவர நூல்களைக் கட்டற்ற டிரைவர் எழுதுவோருக்கு வெளியிடத் தொடங்கியது. 2015இல் ஏஎம்டிஜிபியு என்னும் டிரைவர் கர்னலுக்குள்ளேயே இடம்பெற்றது. இன்று ஒருவர் ஏஎம்டியின் ரேடியான் கார்டை வாங்கிச் செருகினால், அவருடைய லினக்ஸ் அந்தக் கார்டைவிடப் பழையதாக இல்லாதவரையில், தனியே டிரைவர் என்று ஒன்றைத் தேடிப் போக வேண்டியதில்லை. 2002இல் வந்த ரேடியான் 9700 கார்டுக்குரிய கட்டற்ற டிரைவர்கூட இன்னும் மேசாவில் இருக்கிறது. இதற்கு மாறாக என்விடியாவின் கெப்ளர் தலைமுறைக் கார்டுகள் 2012இல்தான் வெளிவந்தன. அவற்றுக்கு 470 வரிசையே கடைசி டிரைவர் என்று நிறுவனம் நிறுத்திவிட்டது. பத்து வயது இளையவனுக்குச் சோறு நின்றுவிட, மூத்தவன் இன்னும் பந்தியில் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு பேருக்கும் இலை போட்ட லினக்ஸ் ஒன்றேயானால், பட்டினிக்கு லினக்ஸைப் பழிப்பது எப்படி?

என்விடியா கார்டுகளுக்கு விவர நூல் இல்லாமலே, கார்டு பேசுவதை ஒட்டுக்கேட்டு ஒட்டுக்கேட்டு எழுதப்பட்டதுதான் நூவோ. என்வி என்று தட்டச்சிட்டால் அதைப் புதியது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லாக மாற்றிக் காட்டிய ஓர் அரட்டை மென்பொருளின் தயவால் அதற்கு அந்தப் பெயர் வாய்த்தது என்பார்கள். 2010இல் அது கர்னலுக்குள் சேர்ந்தது. ஆனால் 2014இல் வந்த இரண்டாம் மேக்ஸ்வெல் தலைமுறை முதலாக, நிறுவனம் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் கார்டின் வேகத்தை உயர்த்த முடியாது என்று பூட்டுப் போட்டுவிட்டார்கள். அந்தப் பூட்டினால், எழும்போது இருந்த மந்த வேகத்திலேயே அக்கார்டுகளை ஓட்ட வேண்டிய நிர்ப்பந்தம் நூவோவுக்கு உண்டாயிற்று. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில், லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த நிறுவனத்தை நோக்கி விரலால் காட்டிய சைகை சபைக்கு அடாதது; நான் அதை ஆதரிக்க மாட்டேன். ஆனால் அவர் கோபத்துக்கு ஆதாரம் இல்லை என்று சொல்லவும் மாட்டேன். பத்தாண்டு கழித்து, 2022 மே மாதத்தில், டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் கர்னல் மாட்யூலின் மூல நிரலை என்விடியாவே வெளியிட்டது. கார்டுக்குள் ஓடும் ஃபர்ம்வேரும் கர்னலுக்கு வெளியேயுள்ள நூலகங்களும் இன்னும் மூடியே இருக்கின்றன என்றாலும், லினக்ஸில் கார்டு ஓடாமைக்கு லினக்ஸ்தான் ஹேது என்ற வாதத்துக்கு அந்த வெளியீட்டைவிடச் சிறந்த மறுப்பு வேண்டியதில்லை.

எதிர்க்கட்சியாரின் ஆக்ஷேபங்களுள் ஒன்று வலிமையுடையது. அதை மதித்தே விடை சொல்ல வேண்டும். டிரைவர்கள் வந்து பொருந்தும் உள் இடைமுகத்தைக் கர்னல்காரர்கள் ஸ்திரமாக வைத்திருந்தால், ஒவ்வொரு முறையும் மாட்யூலைக் கட்ட வேண்டிய அவசியமே இராதே என்கிறார்கள். வாஸ்தவம். கர்னலைப் பராமரிப்பவர்களுள் ஒருவரான கிரெக் க்ரோவா-ஹார்ட்மன், அவ்வாறு வைத்திருக்க மாட்டோம் என்பதற்குரிய நியாயங்களைக் கர்னலின் மூல நிரலோடு சேர்த்தே எழுதி வைத்திருக்கிறார். இடைமுகத்தை மாற்றுகிறவன் கர்னலுக்குள் இருக்கும் டிரைவர்கள் எல்லாவற்றையும் தானே திருத்திக் கொடுத்துவிட வேண்டும் என்பது அங்கே நியமம். வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு இதனால் கஷ்டம் இல்லை, வெளியே நிற்பேன் என்று பிடிவாதம் செய்கிறவர்களுக்கே கஷ்டம். ஆயினும் அந்தப் பிடிவாதத்தின் கூலியை நிறுவனம் கொடுக்காமல், கார்டை வாங்கிய ஏழை கொடுக்கிறான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்; கர்னல்காரர்கள் இதை இன்னும் கொஞ்சம் மனவருத்தத்தோடு சொல்லலாம் என்பதும் என் எண்ணம்.

ஆனால் ஸ்திரத்தன்மையின் சொர்க்கமாக அவர்கள் காட்டும் விண்டோஸில் நடந்ததையும் மறக்கலாகாது. 2007இல் விஸ்டா வந்தபோது மைக்ரோசாப்ட் கிராபிக்ஸ் டிரைவரின் அமைப்பையே மாற்றியது. அதன் பின்னர் ஒரு நீதிமன்ற வழக்கில் வெளியான அந்நிறுவனத்தின் உள் கடிதங்களில், பதிவான விஸ்டா முறிவுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 29 பங்கு என்விடியா டிரைவர்களால் நேர்ந்தவை என்ற கணக்கு காணப்பட்டது. விற்றவனும் அமைத்தவனும் கைகோத்து வேலைசெய்த இடத்தில் அது நிலைமை. அன்றைக்கு, விண்டோஸ் கிராபிக்ஸுக்குச் சரிப்படாது என்று யாரும் தீர்ப்பெழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

சாமானிய மனிதனைப் பதிவேடு படி என்று வதைப்பது நியாயமா என்று இன்னொரு கேள்வி உண்டு. நியாயமில்லை; நான் அவனை வதைக்கவும் இல்லை. நோயாளி நாடி பார்க்கத் தெரிந்திருக்க வேண்டாம். தட்சிணை வாங்குகிற வைத்தியன் பார்க்க வேண்டும் என்கிறேன். எங்கள் கட்சியாரும் இந்த விஷயத்தில் உத்தமர்கள் அல்லர்: உபாயம் கேட்டவனுக்கு விளக்கம் ஒன்றும் சொல்லாமல் நாலு கட்டளைகளை எறிவதும், வெளியீட்டின் பேக்கேஜ் இருக்கையில் உற்பத்தியாளரின் தளத்திலிருந்து ரன் கோப்பை இறக்கி ஓட்டச் சொல்வதும் எங்களிடம் ஊறிப்போன துர்ப்பழக்கங்கள். அந்த ரன் கோப்பு, பேக்கேஜ் கணக்கில் வராமல் திருட்டுத்தனமாகக் கோப்புகளை மேலே எழுதிவிட்டுப் போகும். பிறகு பேக்கேஜ் மேலாளர் ஒன்றை நினைத்துக்கொண்டிருக்க, டிஸ்க்கில் வேறொன்று இருக்கும். கடை இளைஞருக்கு அந்த ஒற்றைப் பதிப்பு ஹெடர் குறிப்பைக் கற்றுக்கொடுத்தவரும் எங்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆசிரியரிடம் விஷயத்தை விளக்கியபோது அவர் சந்தோஷப்படவில்லை. ‘அப்படியானால் முதல் தடவையே அந்தப் பட்டியலில் பழைய வரியைத் தேர்ந்திருக்கலாமோ?’ என்று கேட்டார். ‘தேர்ந்திருக்கலாம் சார்’ என்றேன். கடைக்குக் கொடுத்த 1200 ரூபாயைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. முதல் தடவை அழித்தபோது, இரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்காக வரைந்து சேர்த்திருந்த படங்கள் அத்தனையும் போயிருந்தன. ஒன்பது புள்ளி வட்டத்தை இப்போது திரும்ப வரைந்துகொண்டிருக்கிறார்; ஆறாவது புள்ளி வரையில் வந்திருக்கிறது.